வகைதொகை – 11: கேட்டது பூ, கிடைத்தது மல்லி

கண்ட இடத்தில் 'நியூ' போடாமல், பொருளை உருவாக்கும் வேலையை ஒரு ஃபேக்டரி கிளாஸிடம் விடுவது ஏன் என்று போன வாரம் பார்த்தாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன், அந்த ஃபேக்டரிக்கே வாரிசு வந்தால் என்ன ஆகும் என்பதை முடித்துவிடலாம்.

மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கி எல்லாம் வந்து குவியும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டையே வைத்துக்கொள்வோம். 'பூ' ஒரு டைப், 'மல்லி' அதன் வாரிசு. 'பூக்கடை' என்ற ஃபேக்டரியில் 'கொடு' என்றொரு மெத்தட், தருவது பூ. பூக்கடையின் வாரிசான 'மல்லிக்கடை', தன் 'கொடு' மல்லியைத்தான் தரும் என்று டைப்பிலேயே எழுதிவைக்கலாமா? தாராளமாக. பூ கேட்டவர் கையில் மல்லியை வைத்தால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? மல்லிக்கடை என்று தெரிந்தே வந்தவருக்கு இன்னும் லாபம்: வந்தது மல்லிதான் என்று கம்பைலருக்கே தெரிவதால் 'காஸ்ட்' தேவையில்லை. இந்தச் சின்ன நியாயம் மொழிகளுக்குள் நுழைய எடுத்துக்கொண்ட காலம்தான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டுகிறது. 1996-இல் வெளிவந்த ஜாவா, 2004-இல் ஐந்தாம் பதிப்பில்தான் இதை அனுமதித்தது. 2002-இல் வந்த சி ஷார்ப் 2020 வரை, ஒன்பதாம் பதிப்பு வரை, இழுத்தடித்தது. அப்போதும் கிளாஸ்களுக்குத்தான் சலுகை, இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் மெத்தடுக்கு இல்லை. சி பிளஸ் பிளஸ் 1998 தரநிலையிலேயே வைத்திருந்தது, ஆனால் பாயின்டருக்கும் ரெஃபரன்ஸுக்கும் மட்டும். இன்று எல்லோரும் சிபாரிசு செய்யும் ஸ்மார்ட் பாயின்டரைத் திருப்பித் தந்தால் செல்லாது!

தருவதைக் குறுக்கலாம் என்றால் வாங்குவதையும் குறுக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது. எந்தப் பூவையும் எடுக்கும் கமிஷன் கடையின் வாரிசு 'மல்லி மட்டும்' என்று போர்டு மாட்டினால், பழைய வாக்கை நம்பிச் சம்பங்கி மூட்டையோடு வந்தவர் எங்கே போவார்? தாய் டைப் நிற்கும் இடத்தில் வாரிசும் தடுமாறாமல் நிற்க வேண்டும் என்று பார்பரா லிஸ்கோவ் 1987-லேயே சொன்னதன் சாரம் இதுதான். ஜாவாவில் இந்தத் தப்பைச் செய்தால் சத்தமே வராது என்பதுதான் வில்லங்கம். வாரிசில் 'வாங்கு' மெத்தடை மல்லிக்கென்று எழுதினால், அது பழைய 'வாங்கு'வை மாற்றாமல், பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்றாக உட்கார்ந்துகொள்ளும். தலையில் 'ஓவர்ரைடு' குறி இருந்தால்தான் கம்பைலர் கத்தும்.

ஒரு பொருளைத் தருவதற்கு இத்தனை வம்சாவளி எதற்கு, ஒரு லாம்டா போதாதா என்பது அடுத்த ஆட்சேபம். 2014-இல் ஜாவா 8 வந்தபிறகு அது நியாயமான கேள்விதான். ஃபேக்டரி தருவது ஒரே பொருள் என்றால் நானும் லாம்டா கட்சி. ஆனால் பூவோடு அதற்குப் பொருந்தும் நாரையும் ஒரே கடை தரவேண்டும், மல்லிக்கு வேறு பூவின் நார் மாறிப் போகக்கூடாது என்றால் லாம்டா திணறும். அங்கேதான் அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி வருகிறது. அது அடுத்த வாரம்.