கண்ணாடித் தொட்டியில் ஒரு முருகைக் கடல்

நன்னீர் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் நம்மிடையே பலர் உளர். கடல்மீன்களையும் முருகைகளையும் அவ்வாறு வளர்க்க முயல்வோர் சிலரே. முயன்று வென்றோர் அவரினும் சிலர். நீரைத் தூய்மையாக்கும் வேலையை யார் செய்யப்போகின்றார்கள் என்பதைத் தொட்டி வாங்குமுன்னரே எண்ணிப் பாராமையே தோல்விக்குப் பெரும்பாலும் காரணமாகின்றது. அவ்வேலையை இயற்கையிடமே ஒப்படைப்பது எவ்வாறு என்பதை இன்று நோக்குவோம்.

மீன் உண்ணும் உணவிலுள்ள நைதரசனின் பெரும்பகுதி, அமோனியாவாக அதன் செவுள் வழியே நீரிற் கலக்கின்றது. அமோனியா நஞ்சு. நன்னீரைவிடக் கடல்நீரில் அது கொடிய நஞ்சு என்பதை நேயர்கள் மனங்கொள்ள வேண்டும். கடல்நீரின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 8.2 ஆகும். இத்தகைய காரநீரில் அமோனியாவின் நச்சு வடிவம் பன்மடங்கு மிகுகின்றது. ஆகவே நன்னீர்த் தொட்டியில் மன்னிக்கப்படும் பிழை கடல்நீர்த் தொட்டியில் மன்னிக்கப்படுவதில்லை.

கடலில் இந்நஞ்சு எங்கே போகின்றது? கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்கள் அதனை உணவாகக் கொள்கின்றன. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொருவகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். இவ்விரு வகைக்கும் ஒட்சிசன் வேண்டும். நைத்திரேற்று மீனுக்கு அத்துணைக் கேடு செய்வதன்று. ஆயினும் அது பெருகினால் முருகைகள் வாடும், வேண்டாத பாசி தழைக்கும். மூன்றாம் வகைப் பற்றீரியா ஒட்சிசன் அற்ற இடத்திலே வாழ்ந்து, நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றது. ஒட்சிசன் உள்ள இடமும் இல்லாத இடமும் அருகருகே அமைந்தாலன்றி இச்சக்கரம் முற்றுப்பெறாது. நுண்துளைகள் நிறைந்த கல்லொன்று இவ்விரண்டையும் தன்னுள்ளேயே கொண்டிருக்கின்றது. அதன் புறத்தே ஒட்சிசன் உண்டு, உள்ளாழத்தில் இல்லை.

இவ்வுண்மையை வீட்டுத் தொட்டியிற் பயன்படுத்திக் காட்டியவர்களுள் முன்னோடி, இந்தோனேசியாவின் ஜக்கார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். கடலிலிருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டிய கற்களைத் தொட்டியில் இட்டு, காற்றுக்குமிழிகளால் மட்டும் நீரை அசையச் செய்து, மீன்களையும் முருகைகளையும் அவர் வளர்த்தார். 1961இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் இம்முறையை அவர் விவரித்தார். பிற்காலத்தில் ஜேர்மனியில் உருவாகிப் பேர்லின் முறை எனப் பெயர் பெற்றது, இவ்வுயிர்க்கற்களோடு வலிய நீரோட்டத்தையும் நுரைபிரிப்பானையும் சேர்த்துக்கொண்டது. நுரைபிரிப்பான் என்பது நுண்குமிழிகளைச் செலுத்தி, நீரிற் கரைந்த கழிவு அழுகுமுன்னரே அதனை நுரையாக வெளியேற்றுங் கருவி. அது இயற்கை முறையன்று என ஒதுக்குவோர் உண்டு. கடலின் பரப்போடு ஒப்பிடத் தொட்டி ஒரு சிறு கிண்ணமே. அதற்கு ஒரு கருவியின் துணை வேண்டுமெனில் அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை என்பதே என் கருத்து.

இனித் திட்டத்துக்கு வருவோம். பத்து இலீற்றர் நீருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோகிராம் வரையான கல் வேண்டுமென்பது பொதுவான கணக்கு. துளை மிகுந்த கல்லாயின் குறைவாகவும் போதும். ஆனால் அக்கல் எங்கிருந்து வருவது? நமது கடலிலிருந்து முருகையைப் பெயர்த்தெடுப்பதைச் சட்டம் தடுக்கின்றது. அத்தடை வெறுஞ் சட்டச்சடங்கன்று. சுண்ணாம்புச் சூளைகளுக்காகத் தென்மேற்குக் கரையில் முருகைக் கற்கள் நெடுங்காலம் அகழப்பட்டன. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, கற்பார் காக்கப்பட்ட ஹிக்கடுவையைவிட, அது அகழப்பட்ட அயற்கரையிலே அலை மிகவும் உள்ளே புகுந்ததென ஆய்வாளர் கண்டனர். ஆகவே செயற்கையாகச் செய்த துளைக்கற்களை வாங்குக. பற்றீரியாக்கள் தாமாகவே அவற்றிற் குடியேறும்; சற்றுக் காலம் மிகுதியாகச் செல்லும், அவ்வளவே.

நுண்மணலைப் பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பரப்பினால் அதன் அடியிலும் ஒட்சிசனற்ற பகுதி உருவாகும். மொனாக்கோவில் ஆய்வு நடத்திய ஜோபேர் என்னும் அறிஞர், மணலுக்கு அடியிலே நீர் நிற்கும் வெற்றிடமொன்றை அமைத்தார். எம்முறையாயினும் அம்மணலைப் பின்னர்க் கிளறுதல் கூடாது. அடியிலே தேங்கிய நச்சு வாயு மேலெழும்.

அருகே சிறு தொட்டியொன்றை வைத்து, அதிற் கடற்பாசி வளர்ப்பது மிக நல்லது. பாசி நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் உறிஞ்சி வளரும். முதன்மைத் தொட்டி இருளில் இருக்கும் இரவு வேளையில் பாசித்தொட்டிக்கு விளக்கேற்றினால், இரவிற் பெருகும் காபனீரொட்சைட்டையும் அது உட்கொண்டு, நீரின் காரத்தன்மை வீழாது காக்கும். பாசியைக் காலந்தோறும் அறுத்து வெளியேற்ற வேண்டும்; அறுக்காது விட்டால் உறிஞ்சியவை அனைத்தும், அது அழுகும்போது நீருக்கே மீளும். அறுத்த பாசியைக் கடலில் வீசாதீர்கள். கோலேப்பா என்னும் பாசியின் ஓரினம் 1984இல் மொனாக்கோக் கரையில் முதன்முதற் காணப்பட்டுப் பின் மத்தியதரைக் கடலிற் பரவிய கதை உலகறிந்தது.

நீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவை நன்னீரால் மட்டுமே நிரப்புதல் வேண்டும். இங்கே யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நமது கிணறுகள் பலவற்றின் நீரில், உரத்தினாலும் மலக்குழிகளினாலும் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துள்ளது. அந்நீரை ஊற்றுவது, ஒருபுறம் பாசி வளர்த்து அகற்றுவதையே மறுபுறம் சேர்ப்பதாகும். வடித்த நீரை அல்லது சவ்வினால் வடிகட்டிய நீரையே பயன்படுத்துக.

வெப்பம் நம் நாட்டில் மற்றொரு பகை. முருகைகளுக்கு 25 முதல் 27 பாகை வரை உகந்தது. 30 பாகையைத் தாண்டி நீடித்தால், தம்முள் வாழும் நுண்பாசிகளை இழந்து அவை வெளிறும். 1998இல் ஹிக்கடுவைக் கற்பாருக்கு நேர்ந்தது அதுவே. நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறியை ஓடவிட்டால் வெப்பம் ஓரிரு பாகை தணியும். மின்சாரம் தடைப்பட்டாலோ நீரோட்டம் நின்று, பற்றீரியாவும் மீனும் எஞ்சிய ஒட்சிசனுக்காகப் போட்டியிடும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மின்கலத்தில் இயங்கும் காற்றுக்கருவி ஒன்று வீட்டில் இருத்தல் இன்றியமையாதது.

எல்லாம் அமைத்தபின் மீனை உடனே விடலாமா? ஆகாது. சிறிய இறால் துண்டொன்றை நீரில் இட்டு, சோதனைக் குப்பிகளால் நீரை அளந்து வாருங்கள். முதலில் அமோனியா ஏறும். அது இறங்க நைத்திரைற்று ஏறும். அதுவும் இறங்கி இரண்டும் இல்லாதொழிய நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். செயற்கைக் கல்லாயின் இன்னும் சில கிழமைகள் கூடலாம். அதன்பின் சிறிய மீன் ஒன்று. பற்றீரியாக்கள் அதன் கழிவுக்கேற்பப் பெருகச் சில வாரங்கள் பொறுத்து மற்றொன்று. முருகைகள், நீர் சில மாதங்கள் நிலைபெற்ற பின்னரே.