வீட்டுத் தூசி

தூசியைப் பற்றி ஒரு பேச்சா என்று நீங்கள் வியக்கக்கூடும். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற எனக்கும், அறுபது வயதைக் கடந்த பின்னரே தூசி ஒரு பாடமாயிற்று. அதை எனக்குக் கற்பித்தவள் ஆறு வயதுப் பேத்தி. ஓர் ஆனி மாதத்தில் அவளுக்கு இளைப்புக் கண்டது. இரவெல்லாம் மூச்சுக்குத் திணறினாள். மருத்துவர் உறிஞ்சு மருந்து கொடுத்துவிட்டு, "வீட்டில் தூசியைக் குறையுங்கள்" என்றார். நாள்தோறும் இருமுறை பெருக்கும் வீட்டைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டாரே என்று என் மனைவிக்கு மனத்தாங்கல். மறுநாள் முதல் மூன்று முறை பெருக்கினாள். இளைப்போ சிறிதும் தணியவில்லை. இது ஏன்?

முதலில், இத்தூசி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் செய்யாற்றின் கரையில் இருக்கிறது எங்கள் காவாந்தண்டலம். ஆண்டின் பெரும்பகுதி ஆறு வறண்டு கிடக்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசும்போது ஆற்று மணலோடு கலந்த நுண்மண் ஊருக்குள் வரும். உத்திரமேரூர் வட்டத்தில் கல் குவாரிகளும் கல் அரைக்கும் ஆலைகளும் உள்ளன. ஜல்லி ஏற்றிய லாரிகள் செல்லும் சாலைகளில் வெண்பொடி படிகிறது. இவை வெளியிலிருந்து வருவன. வீட்டுக்குள்ளேயே பிறக்கும் தூசியும் உண்டு. துணியின் நூலிழை, நம் உடம்பிலிருந்து உதிரும் தோற்செதில், பூச்சிகளின் துகள், அடுப்புக் கரி, கொசுவர்த்திப் புகை ஆகிய யாவும் அதில் அடங்கும்.

இவற்றோடு கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரும் சேர்ந்துகொள்கிறது. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசிச் சிற்றுண்ணி அது. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். உதிர்ந்த தோற்செதிலே அதன் உணவு. வீட்டுத் தூசியால் உண்டாகும் ஒவ்வாமைக்கு இச்சிற்றுண்ணியே முக்கிய மூலம் என்ற கருத்தை நெதர்லாந்து அறிஞர்களான வோர்ஹோர்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் 1964-இல் வெளியிட்டனர். உண்ணியைவிட அதன் கழிவே பெரிதும் மூச்சைத் தாக்குகிறது.

இனி, பெருக்கியும் தூசி போகாத காரணத்துக்கு வருவோம். மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். தலைமயிரின் பருமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான். பத்து மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். ஒரு மைக்ரான் துகளோ, காற்று அசையாமல் இருந்தால்கூட, பல மணி நேரம் மிதக்கும். நுரையீரலின் உட்புறம் வரை செல்வன இத்தகைய சிறு துகள்களே. உலர்ந்த தரையில் துடைப்பத்தை வீசும்போது பெருந்துகள் குப்பையாகக் குவிகிறது. நுண்துகள் மேலே கிளம்பிவிடுகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். காலை வெயில் ஒரு கீற்றாக விழும் அறையை மூடிக்கொண்டு, பெருக்குவதற்கு முன்னும் பின்னும் அந்த ஒளிக்கீற்றைப் பாருங்கள். ஜான் டிண்டால் என்னும் அறிவியலறிஞர் 1870-இல் இலண்டனில் ஒளிக்கற்றையைக் கொண்டே, தூய்மையானது என்று நாம் நம்பும் காற்றில் எத்தனை துகள்கள் மிதக்கின்றன என்று அவையோருக்குக் காட்டினார். நானும் என் வீட்டில் பார்த்தேன். பெருக்கி அரைமணி ஆகியும் கீற்றுக்குள் துகள்கள் ஆடிக்கொண்டிருந்தன. அதனருகில் குழந்தையின் பாய் விரித்திருந்தது.

அப்போது பழைய நினைவொன்று என்னைச் சுட்டது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது, முதல் மணிக்கு முன் மாணவரைக் கொண்டு வகுப்பறையை உலரப் பெருக்கச் செய்வேன். கரும்பலகைத் துடைப்பானைச் சன்னலருகே தட்டச் சொல்வேன். முதல் வரிசையில் எப்போதும் இருமிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவனை, பாடத்தைக் கெடுக்கிறாய் என்று கடிந்து வெளியே நிறுத்தியிருக்கிறேன். அவனுக்கு நல்ல காற்றைக் கொடுத்தது அந்தத் தண்டனை ஒன்றுதான் என்பது இப்போது விளங்குகிறது.

தூசியைக் கிளப்பலாகாது; பிடிக்க வேண்டும். இதுவே அடிப்படை. 1901-இல் இலண்டனில் காற்றை ஊதித் தூசி போக்கும் பொறியொன்றைக் கண்ட ஹியூபர்ட் பூத், ஊதிய தூசி மீண்டும் படிவதைக் கவனித்தார். துணியொன்றை வாயருகே வைத்து நாற்காலித் துணியிலிருந்து காற்றை உறிஞ்சிப் பார்த்தார். துணியில் அழுக்கு ஒட்டியது. தூசி உறிஞ்சும் பொறி அவ்வாறு பிறந்தது. பொறி இல்லாத வீட்டுக்கு ஈரத்துணி போதும். நம் பாட்டிமார் நீர் தெளித்த பின்னரே வாசலைப் பெருக்கினர். சிமெண்டுத் தரை வந்ததும் வீட்டுக்குள் அந்த முறையை நாம் மறந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சுத்தம் செய்யும் வேளையில் குழந்தை அந்த அறையில் இருப்பதில்லை. மின்விசிறி இறக்கை, அலமாரி மேற்புறம், சன்னல் கம்பி என மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைக்கிறோம், தரை இறுதியில். நீர் கலங்கியவுடன் மாற்றுகிறோம். கலங்கிய நீரால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. துடைத்தபின் சன்னலைத் திறந்து உலரவிடுகிறோம். ஈரப்பதம் சிற்றுண்ணிக்கு உவப்பானது. வாசற்படிக்கு வெளியே முரட்டுக் கயிற்று மிதியடி, உள்ளே துணி மிதியடி. செருப்பு வெளியிலேயே நிற்கும். தலையணை உறையும் போர்வையும் வாரம் ஒருமுறை அறுபது பாகை வெந்நீரில் துவைக்கப்படுகின்றன. மேல்காற்று வீசும் பிற்பகலில் மேற்குச் சன்னல் மூடியிருக்கும். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. மருத்துவர் தந்த மருந்தையும் நிறுத்தவில்லை. தூசியைக் குறைப்பது மருந்துக்குத் துணையேயன்றி மாற்றன்று.

வீட்டுக்கு வெளியே உள்ள தூசிக்கு ஒரு குடும்பம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். ஊர் செய்ய வேண்டும். எங்களுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ப்பொதுவைக் காக்க உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. அந்த மண்ணில் வாழும் நாம், லாரிச் சுமைக்குத் தார்ப்பாய் மூடுவதையும், சாலைக்கு நீர் தெளிப்பதையும், ஓரத்தில் மரம் வளர்ப்பதையும் கிராம சபையில் எழுந்து கேட்கத் தயங்கலாமா?

தூசி இல்லாத வீடு உலகில் இல்லை. குறைந்த தூசியுள்ள வீடு எவருக்கும் கைகூடும். இவ்வாண்டு ஆடிக் காற்றிலும் என் பேத்திக்கு இருமுறை இளைப்பு வந்தது. ஆயினும் முன்போல் விடியும்வரை அவள் உட்கார்ந்திருக்கவில்லை. என் மனைவி இப்போது ஒருமுறைதான் சுத்தம் செய்கிறாள், ஈரத்துணியால். அடுத்த வேளைக்கு நான் துணியைப் பிழிந்து வைக்கிறேன்.