உஷார்! எம்.பி. கலப்பையை அஞ்சு கொத்து மாதிரி ஓட்டாதீங்க

திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில் மண்ணரைப் பக்கம் இன்னும் காடு இருக்கிறது. நிட்டிங் கம்பெனிக்கும் கல் நட்ட சைட்டுக்கும் நடுவில் ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. இந்த அளவு நிலத்துக்குச் சொந்த டிராக்டர் கட்டுப்படியாகாது. வாடகை வண்டிதான், மணிக்கணக்குதான். கோடை மழை ஒன்று விழுந்துவிட்டால் எல்லாக் காட்டுக்கும் அன்றைக்கே வண்டி வேண்டும். டிரைவருக்குப் போன் மேல் போன். அந்த அவசரத்தில் அஞ்சு கொத்துக் கலப்பையைக் கழற்றிப் போட்டு, எம்.பி. கலப்பையை மாட்டி, பின்னைச் சொருகி, அப்படியே காட்டுக்குள் இறக்கிவிடுகிறார்கள். உஷார்! செட்டிங் பார்க்க ஆகும் அரைமணி நேர வாடகையை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஆளுக்கும் ஆபத்து, நிலத்துக்கும் கேடு.

கொத்துக் கலப்பை மண்ணைக் கீறிவிட்டுப் போகும். ஸ்பிரிங் வைத்த கொத்து கல்லில் பட்டால் மடங்கி ஏறிக்கொள்ளும். எம்.பி. கலப்பை, அதாவது இறக்கைக் கலப்பை, அப்படி விட்டுக்கொடுக்காது. கொழு அடியில் மண்ணை அறுக்கும். இறக்கை அதைத் தூக்கித் தலைகீழாகப் புரட்டும். கொழுவின் நுனி கொஞ்சம் கீழே பார்த்த மாதிரி அமைந்திருப்பதால் வண்டி நகர நகரத் தானாகவே உள்ளே இறங்கும். கலப்பையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2018-ல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் அமெரிக்கன் படைப்புழு புகுந்ததிலிருந்து கோடை உழவு போடச் சொல்லி வேளாண் துறை படித்துப் படித்துச் சொல்கிறது. மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்தால் பாதி வெயிலுக்கு, மீதி மைனாவுக்கு. நியாயமான காரணம்தான். ஆனால் தானாக இறங்கும் ஒரு கருவியை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டாமா?

இறங்காவிட்டால் நம்மூரில் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. சட்டத்தின் மேல் மண் மூட்டையைப் போடுவது. மூட்டை இல்லையென்றால் ஒரு பையனை ஏற்றி உட்கார வைப்பது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கலப்பை ஒரு கல்லில் உதறினால் போதும், பையன் கீழே கிடப்பான். டிரைவர் திரும்பிப் பார்க்கும்போது கொழு அவனைத் தாண்டியிருக்கும். மட்கார்டில் ஆள் ஏற்றுவதும் இதே கதைதான்.

இறங்காததற்கு எடை காரணமில்லை. முதலில் கொழுவைப் பாருங்கள். கலப்பையைச் சிமெண்ட் தரையில் நிமிர்த்தி இறக்கி, குனிந்து பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கொழு நுனியும், சாலின் சுவரில் உரசிக்கொண்டு போகும் பக்கத் தகட்டின் வாலும் தரையைத் தொட, நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற இடைவெளியாவது தெரிய வேண்டும். தேய்ந்த கொழு தோசைக்கல் மாதிரி அப்படியே படுத்துவிடும். நுனி மழுங்கி, விளிம்பு உருண்டு பளபளக்கும். அதன் மேல் யானையை ஏற்றினாலும் செம்மண்ணில் வழுக்கிக்கொண்டுதான் போகும். கொழுவை மாற்றுங்கள். கொழு சரியாக இருந்தும் இறங்கவில்லையென்றால் வண்டியையும் கலப்பையையும் மேலே இணைக்கும் டாப் லிங்கை ஒரு சுற்று, இரண்டு சுற்று குறைத்துப் பாருங்கள், மூக்கு கீழே போகும். ரொம்பக் குறைத்தால் வால் தூக்கி, மூக்கால் மண்ணைக் குடைந்து, வண்டி முக்கும். டீசலும் தண்ணீராய்ப் போகும்.

அடுத்தது சாய்வு. முதல் சாலில் இரண்டு சக்கரமும் மேட்டில் ஓடும். இரண்டாவது சாலிலிருந்து வலது சக்கரம் வெட்டிய சாலுக்குள் இறங்க, வண்டி மொத்தமும் வலப்பக்கம் சாயும். கலப்பை மட்டும் சாயக்கூடாது. பின்னால் நின்று பார்த்தால் அதன் கால்கள் நிலத்துக்கு நேர்க்குத்தாக நிற்க வேண்டும். சாதாரணக் கலப்பைக்கு வலது லிங்கின் கைப்பிடியைச் சுற்றிச் சரிசெய்வார்கள். இரண்டு பக்கமும் புரட்டிப் போடும் ரிவர்சிபிள் கலப்பை என்றால் கீழ் லிங்குகளைத் தூக்கும் ராடு இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கட்டும். சாய்வை அந்தக் கலப்பையின் தலையிலுள்ள இருபக்க ஸ்குரூவில் வைக்க வேண்டும். முதல் சால் போட்டதும் வண்டியை நிறுத்தி இதைச் சரிபார்க்காத டிரைவருக்கு மணிக்கூலி கொடுப்பதே தண்டம்.

இனி ஆளைக் கொல்லும் சங்கதி. முதல் உலகப்போர்க் காலத்து டிராக்டர்களில் கலப்பையைச் சும்மா பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் மாட்டினால் சக்கரம் நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. வண்டியின் முன்பக்கம் எழுந்து டிரைவர் மேலேயே கவிழும். ஃபோர்ட்சன் டிராக்டருக்கு இதில் ரொம்பக் கெட்ட பெயர். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் இதற்குக் கண்ட தீர்வுதான் இன்று நம் வண்டியின் பின்னால் இருக்கும் மூன்று லிங்க். 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்து உலகமெல்லாம் பரவியது. (நம்மூர் மேஸி ஃபெர்குசன் வண்டியின் பெயரில் பாதி அவருடையது.) கலப்பை மாட்டிக்கொண்டால் டாப் லிங்க் வண்டியை முன்னால் தள்ளும், அதனால் முன்சக்கரம் தரையிலேயே நிற்கும்.

அந்தப் பாதுகாப்பை நாமே எப்படிக் கெடுக்கிறோம் தெரியுமா? பனங்கட்டையைப் பிடுங்க, சகதியில் சிக்கிய இன்னொரு வண்டியை இழுக்க, சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ ஆக்சிலிலோ சுற்றிவிடுகிறோம். அப்புறம் கிளட்சைப் படாரென்று விட்டால், முன்சக்கரம் கிளம்பி முக்கால் வினாடிக்குள் வண்டி திரும்ப முடியாத இடத்துக்குப் போய்விடும். பிரேக்குக்குக் கால் போகும் நேரம்கூட இல்லை. இழுக்க வேண்டுமானால் கீழே டிராபாரில் மட்டும் கட்டுங்கள். சிக்கிய வண்டியின் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி ஏற்றப் பார்ப்பது இன்னும் மோசம்: கட்டை தரையில் ஊன்றிச் சக்கரம் நின்றதும் வண்டியே ஆக்சிலைச் சுற்றிக்கொண்டு எழும். கனமான கலப்பையைத் தூக்கிக்கொண்டு வரப்பு மேட்டில் நேராக ஏறுவதும் வேண்டாம். ரிவர்ஸில் ஏறுங்கள், முன்னால் வெயிட் போடுங்கள்.

தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் கையோ காலோ வைக்கக்கூடாது. எஞ்சினை அணைத்துவிட்டால் போதும் என்பது தப்புக் கணக்கு. ஹைட்ராலிக் லீவரில் யார் கை பட்டாலும் கலப்பை தொப்பென்று இறங்கும். சீல் கசிந்தால் யார் கையும் படாமலே இறங்கும். கொழு போல்ட்டைக் கழற்ற வேண்டுமா, கலப்பையைத் தரையில் இறக்கிக் கட்டை கொடுத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள். ரிவர்சிபிள் புரளும்போது பக்கத்தில் நிற்பவரின் தாடைக்கு நேராகத்தான் சட்டம் வீசும். உழவு முடிந்து ரோட்டவேட்டர் மாட்டினால் தோளில் துண்டு ஆகாது. அதன் ஷாஃப்ட் வினாடிக்கு 9 சுற்று.

மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மண்ணரை மாதிரி ஊர்களில் தனிக் கவலை. போரிலிருந்து தொட்டிக்குப் போகும் பைப், சப்மெர்சிபிள் கேபிள் எல்லாம் ஒரு அடி, ஒன்றரை அடியில் புதைந்திருக்கும். அஞ்சு கொத்து மேலோடு போனதால் இத்தனை வருஷம் பிழைத்தவை அவை. இந்தக் கலப்பை ஒரு அடி இறங்கும். த்ரீ பேஸ் கேபிளைக் கொழு கடித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. லைன் போகிற தடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு டிரைவரிடம் காட்டுங்கள், மெயினை ஆஃப் பண்ணிவிடுங்கள். ஈ.பி. கம்பத்தின் ஸ்டே கம்பியை ஒட்டி ஒரு சால் அதிகம் போட ஆசைப்படாதீர்கள். கலப்பை அதில் மாட்டினால் கம்பமே சாயும்.

கடைசியாக நிலம். நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடிய காலத்தில் அந்த உப்பு ஆற்றோடு போய்விடவில்லை. ஒரத்துப்பாளையம் அணையிலும் ஆற்றோரக் கிணறுகளிலும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த காடுகளிலும் சேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகும் மண்ணுக்குள் போனது மண்ணுக்குள்தான் இருக்கிறது. பல காடுகளில் மேலே நல்ல செம்மண் இருந்தாலும் கீழே சுண்ணாம்புக்கல் படுகை. ஆழமாகப் புரட்டினால் கீழே இருக்கும் உப்பும் சுண்ணாம்பும் மேலே, மழையும் எருவும் பார்த்த மண் கீழே. இதை அடுத்த உழவில் திருப்பிப் போட முடியாது. கலப்பை வருவதற்கு முன் இரண்டடிக் குழி ஒன்று வெட்டுங்கள். அரையடிக்கு ஒரு பிடி மண்ணைத் தனித்தனியாக எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவைப் பார்த்து ஆழம் முடிவு செய்யுங்கள். ஜிப்சம் போடுவதும் தக்கைப்பூண்டு விதைப்பதும் அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

ஈரமும் முக்கியம். மண்ணைப் பிடித்து உருட்டினால் கயிறு மாதிரி திரிகிறதா, வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். இந்த உழவில் வலது சக்கரம் ஒவ்வொரு சாலின் அடிமட்டத்திலும் ஏறி மிதிக்கிறது. ஈரத்தில் மிதித்தால் அடியில் ஒரு கான்கிரீட் தளம்தான் விழும். வருஷா வருஷம் ஆழத்தை மாற்றுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்ட வேண்டும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது இந்த இறுக்கத்தை உடைக்கத்தான்.

வேலை முடிந்து வண்டி ரோடு ஏறும்போது மணி ஆறு இருக்கும். ஊத்துக்குளி ரோட்டில் ஷிப்ட் விட்ட கூட்டம், டூவீலரில் இரண்டு பேர், மூன்று பேர். உழும்போது தளர்வாக விட்டிருந்த செக் செயினை இறுக்கவில்லையென்றால் கலப்பை பக்கவாட்டில் ஆடிக்கொண்டே வரும். டிராக்டர் வலப்பக்கம் திரும்பினால் கொழு இடப்பக்கம் வீசும், பைக்கில் வருபவரின் முழங்கால் உயரத்தில். செயினை இறுக்கி, ஹைட்ராலிக் லாக்கைப் போட்டு, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டி, இருட்டுவதற்கு முன் வண்டியை அனுப்புங்கள். அதற்கு நேரமில்லை என்று டிரைவர் சொன்னால், கலப்பை இரவு உங்கள் காட்டிலேயே கிடக்கட்டும். காலையில் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.