எதிரொலிக்கு எந்த இடம்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீட்டில் கிட்டார் ஆம்ப்பின் பிளக்கைச் செருகி வால்யூமை ஏற்றினால், தந்தியைத் தொடும் முன்பே மெல்லிய ரீங்காரம் கேட்கும். பழுப்பு நிலக்கரியை எரித்து எழுப்பும் நீராவியில், அனல்மின் நிலையத்து டர்பைன் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 50. மின்சாரத்தின் அந்த 50 ஹெர்ட்ஸ் துடிப்பை, தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப், சுற்றியுள்ள காந்தப்புலத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. தந்தியின் நாதத்தோடு அதுவும் ஆம்ப்புக்குள் நுழைகிறது. உள்ளே போனபின் எது பெருகும், எது அடங்கும் என்பதில், ஒலியை மாற்றும் பெடல்களின் வரிசைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆம்ப்புக்குள் இரண்டு கட்டங்கள். பிக்கப்பிலிருந்து வரும், பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான சிக்னலைப் பெருக்கித் தொனியைச் செதுக்குவது ப்ரீ-ஆம்ப். ஸ்பீக்கரை அதிரவைக்கும் வலுவை அதற்குத் தருவது பவர் ஆம்ப். ப்ரீ-ஆம்ப்பின் கெய்னை, அதாவது பெருக்கத்தை, அளவு மீறித் திருகினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அதுதான் டிஸ்டார்ஷன். அப்போது புதிய மேல்சுரங்கள் முளைக்கும். உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும்.

இந்தக் கரகரப்பு பெடலுக்குள் வந்ததே ஒரு பழுதினால்தான். 1961-ல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாடலின் ஒலிப்பதிவில், மிக்ஸிங் கன்சோலின் ஒரு சேனல் கெட்டு, பேஸ் கிட்டார் கரகரத்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே ஒலியைத் தரும் சர்க்யூட்டை உருவாக்கினார். 1962-ல் கிப்சன் நிறுவனம் அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' பெடலாக விற்றது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

வறுத்து அரைத்த மசாலாவும் அரைத்து வறுத்த மசாலாவும் ஒரே ருசி தருவதில்லை. எதிரொலி தரும் டிலே பெடலுக்கும் அதேபோல வரிசை முக்கியம். அதை ஆம்ப்புக்கு முன்னால் வைத்து, ப்ரீ-ஆம்ப்பில் டிஸ்டார்ஷனை ஏற்றினால், படிப்படியாகத் தேய வேண்டிய எதிரொலிகள் ஏறக்குறைய ஒரே வலுவில் முட்டிக்கொள்ளும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் எதிரொலி அடங்குமுன் 494 ஹெர்ட்ஸ் சுரத்தை மீட்டினால், அவற்றின் வித்தியாசமான 54-ம் கூட்டுத்தொகையான 934-ம் கூடவே பிறக்கும். யாரும் வாசிக்காத சுரங்கள் சேர்ந்து இசை கலங்கிப்போகும்.

இதற்கு விடை எஃபெக்ட்ஸ் லூப். பல ஆம்ப்புகளின் பின்புறம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு துளைகள் இருக்கும். ப்ரீ-ஆம்ப்பை முடித்த சிக்னல் சென்ட் வழியே வெளியேறி, பெடலைத் தொட்டு, ரிட்டர்ன் வழியே பவர் ஆம்ப்புக்குப் போகும். டிலேயும், அறையின் முழக்கத்தைத் தரும் ரிவெர்பும் இங்கே அமர்ந்தால், ஏற்கெனவே கரகரத்த ஒலியின் நகல்களாக எதிரொலிகள் இயல்பாகத் தேயும். அந்த பெடல்களின் சொந்த இரைச்சலையும் ப்ரீ-ஆம்ப் பெருக்காது. ஓர் எச்சரிக்கை: சில லூப்களின் சிக்னல் சிறு பெடல்கள் தாங்குவதைவிட வலுவானது; ஆகவே அளவைக் குறைக்கும் ஸ்விட்ச் இருந்தால் பயன்படுத்த வேண்டும். தொனியை அசைக்கும் வா-வா, மெல்லிய டிஸ்டார்ஷன் தரும் ஓவர்டிரைவ் பெடல்களுக்கு ஆம்ப்பின் முன்புறமே பொருத்தம்.

கர்நாடக இசைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மீட்டிய சுரம் சட்டென்று அடங்கினால் கமகம் நிற்காது. அதை மீறி யு. ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகங்களைப் பேசவைத்தார். ராணிப்பேட்டையில் பிறந்த கிட்டார் பிரசன்னா, ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தை வெளியிட்டார். அளவான ஓவர்டிரைவ் சுரத்தின் ஆயுளை நீட்டும். டிலே மிகுந்தால் கமகத்தின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கும்.

லூப் இல்லாத ஆம்ப் வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஆம்ப்பைச் சுத்தமான ஒலியில் வைத்து, டிஸ்டார்ஷன் பெடல் முதலில், டிலே அதற்குப் பின் என்று கோத்தால் போதும். புது பெடலுக்குப் பணம் தரும் முன், கையில் இருப்பவற்றின் வரிசையை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.