வெள்ள மட்டத்துக்கு மேலே மின்சாரம்

தாம்பரத்திலும் அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகர்களிலும் மழைக்காலத்தில் மின்சாரம் நின்றுபோவதற்கு இரு வேறு காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்து அறியாமல் செய்யப்படும் மாற்று ஏற்பாடுகள், செலவு எவ்வளவு செய்திருந்தாலும், ஆபத்து வேளையில் பயன்படாமற் போகின்றன. முதற் காரணம் காற்று. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன. மரங்கள் கம்பிகளின் மேல் விழுந்து, புறநகர்த் தெருக்கள் பல நாட்கணக்காக இருளில் கிடந்தன. இரண்டாவது காரணம் தண்ணீர். இதில் கம்பமும் கம்பியும் பழுதில்லாமலே நிற்கலாம். ஆனாலும் தெருவோரத்துப் பில்லர் பாக்ஸிலும் வீட்டு மீட்டர்ப் பெட்டியிலும் வெள்ளம் ஏறிவிட்டால், இடுப்பளவு நீரில் நடந்து போகிறவர்களின் உயிருக்கு அபாயம் நேராதிருக்கும்பொருட்டு, மின்வாரிய ஊழியரே துணை மின்நிலையத்தில் இணைப்பை நிறுத்திவிடுகிறார். அவர் செய்வது சரியான காரியம். அதைக் குறைசொல்வது நியாயம் ஆகாது. ஆனால் அவ்விதம் நிறுத்திய மின்சாரம் தண்ணீர் வடிந்த பிறகுதான் திரும்பி வரும். ஆகவே வெள்ளத்தால் ஏற்படும் மின்தடையை மணிக்கணக்கில் எண்ணிப் பயனில்லை. நாட்கணக்கில் எண்ணித்தான் அதற்கு ஆயத்தம் செய்யவேண்டும்.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கி, ஜனங்கள் மாடிகளிலிருந்து படகில் இறக்கப்பட்ட காட்சியைத் தமிழ்நாடு மறந்திராது. எட்டாண்டுகள் கழித்து, 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது, முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் அதே துன்பம் திரும்ப நேர்ந்தது. தண்ணீர் தேங்கும் இடங்கள் இன்னவை என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பழைய சுவர்கள் சிலவற்றில் அந்த நீர்க்கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது.

மின்சாரம் நின்றது என்றவுடன் நாம் விளக்கையும் மின்விசிறியையும் நினைக்கிறோம். உண்மையில் அவ்விரண்டும் இல்லாமல் மனிதர் சில நாட்களைக் கழித்துவிடலாம். தாம்பரம் சானடோரியத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1928-இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே க்ஷயரோகிகளுக்காக ஒரு வைத்தியசாலையை ஏற்படுத்தியபோது, சுத்தமான காற்றும் வெயிலும் ஓய்வும் நல்ல ஆகாரமுமே பிரதான சிகிச்சைகளாக இருந்தன. 1937-இல் அதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான பெரிய அரசு மருத்துவமனை. நுரையீரல் நோயாளிக்கு இன்று கிடைக்கும் உதவி, அக்காலத்து வைத்தியர்கள் கனவிலும் கண்டிராதது; ஆனால் அந்த உதவியின் பெரும்பகுதி ஒரு கம்பியின் வழியாக வருகிறது. காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலைக்குப் பிறகு நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் நிறுவப்பட்டன; மின்சாரம் நின்றால் அவையும் நின்றுபோகும். வென்டிலேட்டருக்குள் இருக்கும் பேட்டரி சிறிது நேரந்தான் தாங்கும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவருக்கு ஒரு முறைக்கு நான்கு மணி நேர மின்சாரமும் ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த நீரும் வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட அவரால் இயலாது.

2015 வெள்ளத்தின்போது அடையாற்றங்கரையில் இருந்த ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் தண்ணீர் புகுந்து, ஜெனரேட்டர்கள் நின்றுபோயின என்றும், அங்கே சிகிச்சையில் இருந்த 18 நோயாளிகள் மாண்டார்கள் என்றும் வந்த செய்தி அனைவர் நெஞ்சையும் உலுக்கிற்று. மரணங்களின் காரணத்தைப் பற்றி அப்போதே வாதம் எழுந்தது. அந்த விவாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை. நாம் கவனிக்கவேண்டியது, பணமும் யந்திரமும் நிபுணர்களும் இருந்த ஓர் இடத்திலேயே வெள்ளம் முதலில் மாற்று மின்சாரத்தைத் தாக்கியது என்பதைத்தான். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க் நகரத்தைத் தாக்கிய இரவிலும் இதுவே நடந்தது. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர்களை மேல்தளத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் அவற்றுக்கு எண்ணெய் அனுப்பும் சாதனங்கள் அடித்தளத்தில் இருந்தபடியால், தண்ணீர் புகுந்ததும் எல்லாம் நின்று, ஏறக்குறைய 300 நோயாளிகளை, பச்சிளங் குழந்தைகள் உட்பட, மாடிப்படி வழியாக இறக்கி வேறிடங்களுக்குக் கொண்டுபோக நேர்ந்தது. அருகிலிருந்த பெல்வியூ மருத்துவமனையிலோ, பதின்மூன்றாம் மாடியில் இருந்த ஜெனரேட்டருக்கு ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி எண்ணெய் ஏற்றினார்கள். யந்திரம், எண்ணெய்த் தொட்டி, பம்பு, சுவிட்ச் பலகை, அவற்றை இணைக்கும் கேபிள் ஆகிய ஐந்தில் எது தாழ்வாக இருக்கிறதோ அதன் உயரமே முழு ஏற்பாட்டின் உயரம் ஆகிவிடுகிறது.

நம் புறநகர்களில் மருத்துவமனைகளின் வாசற்பக்கத்திலும் வண்டி நிறுத்துமிடத்து மூலையிலும் ஒரு சாண் உயரக் கான்கிரீட் மேடையின்மேல் ஜெனரேட்டர் வைப்பது சாதாரணமாகக் காணும் வழக்கம். எடை மிகுந்த யந்திரத்தை லாரியிலிருந்து இறக்கவும் பழுது பார்க்கவும் அது சௌகரியம் என்பது உண்மைதான். ஆயினும், 2015-இல் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறிற்று என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு முழமாவது உயர்த்தி வைக்கும் செலவு, யந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் சொற்பமே.

அடுத்தபடி, எதெதற்கு மின்சாரம் கொடுப்பது என்ற பங்கீடு. வென்டிலேட்டர், அறுவை அரங்கின் விளக்கு, நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டர் ஆகியவை ஒரு நொடியும் நிற்கக்கூடாதவை, இவற்றுக்கு யு.பி.எஸ். அவசியம். ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கிப் பாரத்தை ஏற்றுக்கொள்ளும் சில விநாடிகள் பொறுக்கக்கூடியவை லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் வார்டு விளக்குகளும். குளிர்சாதனமும் நிர்வாக அலுவலகமும் காத்திருக்கலாம். இந்தப் பங்கீட்டைக் கட்டடத்தின் வயரிங்கிலேயே பிரித்துச் செய்யாவிட்டால், நெருக்கடி வேளையில் ஒருவர் அறை அறையாக ஓடிச் சுவிட்சை அணைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பங்கீட்டின் பலன் எண்ணெய்க் கணக்கில் தெரியும். ஒரு லிட்டர் டீசலிலிருந்து ஏறக்குறைய மூன்று யூனிட், சற்று மேலாகவும், மின்சாரம் கிடைக்கும். ஐம்பது கிலோவாட் பாரத்தைச் சுமக்கும் ஜெனரேட்டர் மணிக்குப் பதினைந்து லிட்டரைக் குடித்துவிடும். அப்படியானால் 990 லிட்டர் தொட்டி நிறைய இருந்தாலும் 66 மணி நேரந்தான், மூன்று நாள்கூட ஆகாது. பாரத்தை இருபது கிலோவாட்டுக்குக் குறைத்து, அதற்கேற்ற சிறிய யந்திரத்தை ஓட்டினால், அதே எண்ணெய் ஐந்தாறு நாட்களுக்கு வரும். தொட்டி காலியானபின் வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இரண்டு சங்கதிகளை யோசித்துப் பார்க்கவேண்டும்: வெள்ளத்தில் டாங்கர் லாரி வராது, பெட்ரோல் பங்கிலும் எண்ணெயை நிலத்தடித் தொட்டியிலிருந்து மேலே எடுக்க மின்சாரம் வேண்டும்.

சூரிய ஒளியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அரசுக் கட்டடங்களின் மொட்டைமாடிகளில் சோலார் பலகைகளைப் பார்க்கிற ஜனங்கள், மின்தடையின்போது அங்கே விளக்கு எரியும் என்று எண்ணுகிறார்கள். வாரியத்தின் கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்ட சோலார் ஏற்பாடு, அந்தக் கம்பியில் மின்சாரம் நின்ற கணமே, பகல் வெயில் காய்ந்தாலும், தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறிய லைன்மேனை மாடியிலிருந்து வரும் மின்சாரம் தாக்கிவிடக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டருக்குள்ளேயே வைக்கப்பட்ட பாதுகாப்பு அது. தடையின்போதும் மின்சாரம் வேண்டுமானால், பேட்டரியும், வாரியக் கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு கட்டடத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கவல்ல ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சேரவேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு இது துணையாக மட்டுமே இருக்கும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதுவே போதுமான பலம். அங்கே தடுப்பூசி மருந்துகள், மேற்புறம் மூடி திறக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கப்படுகின்றன. செவிலியர் காலையிலும் மாலையிலும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார். மின்சாரம் நின்றால் அவர் முதலில் செய்வது மூடியைத் திறக்காமல் இருப்பது. பெட்டியைச் சுற்றி உறைந்திருக்கும் பனி ஒரு நாள் அளவுக்குக் குளிர்ச்சியைக் காக்கும். தடை நீண்டால் மருந்தைப் பனிக்கட்டிப் பொதிகளோடு குளிர்காப்புப் பெட்டிக்கு மாற்றவேண்டும். இந்தக் குளிர்பெட்டி, பிரசவ அறை விளக்கு, சக்‌ஷன் கருவி, ஒரு செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து கேட்கும் மின்சாரம் மிகக் குறைவு. சத்தீஸ்கர் மாநிலத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேட்டரியோடு கூடிய சிறிய சோலார் ஏற்பாடு பல ஆண்டுகளுக்கு முன்பே செய்யப்பட்டிருக்கிறது. நம் பகுதியில் ஒரு கிலோவாட் பலகை நல்ல நாளில் நான்கு யூனிட் தரும். புயல் மேகம் கவிந்த நாளில் மிகக் குறைவாகவே தரும். எனவே பேட்டரியைத் தாராளமாக வைத்து, ஒரு சிறு ஜெனரேட்டரையும் துணைக்கு வைப்பது விவேகம்.

நிவாரண முகாமாகும் பள்ளிக்கூடங்கள், பாலாற்றுத் தண்ணீரை ஏற்றும் நீரேற்று நிலையங்கள், செல்போன் கோபுரங்கள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். கோபுரத்துப் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்ததும் கர்ப்பிணிப் பெண் ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாமல் போகிறது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபின், இந்த இடங்கள் பலவற்றையும் ஒரே பட்டியலில் எழுதி, எதற்கு எவ்வளவு மின்சாரம் எத்தனை நாளுக்கு வேண்டும் என்று கணக்கிடுவது முன்னைக்காட்டிலும் எளிது.

கடைசியாகப் பரிசோதனை. வாரம் ஒருமுறை ஜெனரேட்டரைப் பாரமில்லாமல் ஐந்து நிமிஷம் உறுமவிட்டு நிறுத்துவது பரிசோதனை ஆகாது. யந்திரத்தை ஓடத் தொடங்கவைக்கும் சிறு பேட்டரி செத்துப்போயிருப்பதும், பல மாதமாகத் தொட்டியில் கிடந்த டீசலின் அடியில் நீரும் கசடும் சேர்ந்து ஃபில்டர் அடைபடுவதும், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் துருவேறி நடுவில் நின்றுவிடுவதும், மெயின் சுவிட்சை உண்மையாகவே இறக்கி, கட்டடத்தின் அவசியமான பாரம் முழுவதையும் ஒரு மணி நேரமாவது ஏற்றிப் பார்த்தால்தான் தெரியவரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகவே இந்த வேலைக்குச் செப்டம்பர் மாதமே உகந்தது. மாற்ற வேண்டிய பாகத்தை வாங்கி மாட்டுவதற்கும் அப்போது அவகாசம் இருக்கும்.