தவளை விழுங்கிய வண்டு தப்புவது எப்படி?

தவளை இரையை மெல்வதில்லை, அப்படியே விழுங்கும். கொல்வது வயிற்றின் செரிமான நீர்தான். அதற்கு நேரம் பிடிக்கும். ஜப்பானின் நெல்வயல்களில் வாழும் ரெஜிம்பார்ட்டியா அட்டெனுவாட்டா என்ற, அரை சென்டிமீட்டர் அளவேயான நீர்வண்டுக்கு அந்த அவகாசமே போதும்.

கோபே பல்கலைக்கழகத்தின் சுகியுரா ஷின்ஜி 2020-இல் வெளியிட்ட ஆய்வு வியக்க வைக்கிறது. கரும்புள்ளித் தவளைகள் விழுங்கிய வண்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் 6 மணி நேரத்துக்குள் ஆசனவாய் வழியே உயிரோடு வெளிவந்தன. மிக விரைந்து வந்ததற்கு ஏறக்குறைய 6 நிமிடமே ஆனது!

வண்டு தானாக வந்ததா, தவளையின் குடல் தள்ளியதா? இதற்கு விடை தேடிய சோதனைதான் எனக்கு இந்த ஆய்வின் உயிர்நாடி. கால்களை மெழுகால் ஒட்டிய வண்டுகளைத் தவளைகளுக்குக் கொடுத்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை, ஒரு நாளுக்கும் மேல் கழித்துச் செத்தே வெளிவந்தன. ஆக, குடலைக் கடக்கக் கால்கள் வேண்டும்.

ஆனால் ஆசனவாயை மூடியிருக்கும் தசை தவளையின் கட்டுப்பாட்டில் அல்லவா இருக்கிறது? வண்டு உள்ளிருந்து தூண்டி, தவளையை மலம் கழிக்க வைக்கிறது என்பது சுகியுராவின் கருத்து. சிறகுறைக்கு அடியில் நீர்வண்டுகள் சேர்த்துவைக்கும் காற்றும் மூச்சுக்கு உதவக்கூடும்.

இரை தன் முயற்சியால் வேட்டைவிலங்கின் ஆசனவாய் வழியே தப்புவது முதன்முதலாகப் பதிவானது இந்த வண்டிடம்தான்.