தட்டைமுனைக் குண்டு

தட்டைமுனைக் குண்டு என்பது தாள் இலக்கைச் சுடும் போட்டிகளுக்கென வடிவமைக்கப்பட்ட, முன்முனை தட்டையான துப்பாக்கிக் குண்டு ஆகும். உருண்டை முனைக் குண்டு தாளைக் கிழித்து ஒழுங்கற்ற துளையிடும்; இதுவோ விளிம்பு தெளிவான வட்டத் துளையை வெட்டும். தாள் இலக்கில் துளை வளையக் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த புள்ளி கிடைப்பதால், கிழிசல் ஐயத்துக்கு இடமளிக்கும்.

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர்; பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 0.5 மில்லிமீட்டர் மட்டுமே. (அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது இப்போட்டியிலேயே.)

தட்டைமுனைக்குக் காற்றுத்தடை மிகுதி; குண்டு விரைவில் வேகமிழக்கும். பத்து மீட்டரில் அது பொருட்டன்று. 300 மீட்டர் போட்டிகளிலோ கூர்முனையும் குறுகிய வாலும் கொண்ட குண்டுகளே ஏற்றவை. மின்னணு இலக்குகள் வந்த பின்னரும் காற்றுத் துப்பாக்கிப் போட்டிகளில் தட்டைமுனையே நீடிக்கிறது.